மீனா, இரும்பா, மரமா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போதே மருமகன் பிடித்துக்கொண்டான். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளை. நேரத்துக்குப் பஞ்சமில்லை, காசுக்குத்தான் பஞ்சம்.

"மாமா, மீனா இரும்பா? எதை முதலில் ஏற்றுவது?"

நாங்கள் சந்தைச் சாமான் பேசுகிறோம் என்று அக்காவுக்கு நினைப்பு. "மீன் என்றால் காலையிலேயே போக வேண்டும்" என்று குசினியிலிருந்து குரல் கொடுத்தாள்.

அவன் கேட்டது ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் பற்றி. 2001 ஜனவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கிய இணைய விளையாட்டு ரூன்ஸ்கேப். காலப்போக்கில் அது உருமாறி, பழைய ஆட்களுக்குப் பிடிக்காமல் போனபோது, 2007 ஆகஸ்டில் இருந்த வடிவத்தைத் தூசுதட்டி எடுத்து 2013 பெப்ரவரியில் தனியாக மீண்டும் திறந்தார்கள். சண்டையும் உண்டு, பூதமும் உண்டு. ஆனால் என்னைப் போன்றவர்களைக் கட்டிப்போட்டது தொழில்கள்தான். மீன் பிடிக்கலாம், சமைக்கலாம், சுரங்கம் வெட்டலாம், இரும்பு அடிக்கலாம், மரம் தறிக்கலாம். செய்யச் செய்ய அனுபவப் புள்ளி சேரும், அது சேரச் சேர ஒவ்வொரு தொழிலும் 1 முதல் 99 லெவல் வரை ஏறும்.

மருமகன் கையில் ஓர் அட்டவணை வைத்திருந்தான். எந்தத் தொழிலில் எந்த முறையில் மணிக்கு எத்தனை அனுபவப் புள்ளி என்று நிரல்படுத்திய அட்டவணை. மேலே இருப்பது நல்லது, கீழே இருப்பது கெட்டது, அவ்வளவுதான் அவன் கணக்கு. நான் கணக்காய்வில் வயிறு வளர்ப்பவன். ஒரே ஒரு நிரல் மட்டும் உள்ள அட்டவணையைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும்.

அந்த மணிக்கணக்கு ஒரு காலத்தில் எனக்கும் வேதவாக்காக இருந்தது. 2007இல் காலி வீதியோரம் ஒரு மாடிப்படிக்கு மேலே இருந்த இணையக் கடையில்தான் நான் இதை விளையாடினேன். உலாவியிலேயே ஓடும் விளையாட்டு, கணினியில் எதையும் நிறுவ வேண்டாம். கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். பையில் ஒரு மணிநேரத்துக்கான காசு இருந்தால் ஒரு மணிநேரம். அப்போது மணிக்கு எத்தனை புள்ளி என்பது நேரடியாக ரூபாய்க் கணக்கு. அதனால் மிக வேகமான முறை எதுவோ அதுவே சரியான முறை.

இப்போது யார் மணிக்குக் காசு கட்டுகிறார்கள்? 2018 ஒக்டோபரில் இந்த விளையாட்டு கைத்தொலைபேசிக்கும் வந்துவிட்டது. கணினியில் இருக்கும் அதே கணக்கு, அதே ஆள், அதே மீன். நேரம் ஒரே துணியாக இல்லாமல் துண்டு துண்டாகக் கிடைக்கிறது. அந்தத் துண்டுகள் எப்படிப்பட்டவை என்று பார்க்காமல் வேகத்தை மட்டும் ஒப்பிடுவது, பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவனுக்கு நாற்காலி விற்பது போன்றது.

ஒப்பிடுவதற்கு முன் எங்கே போகிறோம் என்பதைத் தீர்க்க வேண்டும். அவன் 99 என்றான். நான் 70 என்றேன். 99ஐத் தொட 13,034,431 புள்ளிகள் வேண்டும். 92ஐத் தொட 6,517,253. அதாவது 92இல் நிற்பவன் பாதி வழியில்தான் நிற்கிறான். ஏறக்குறைய ஏழு லெவலுக்கு ஒருமுறை கடன் இரட்டிக்கும் வட்டி இது. 70க்கோ 737,627 போதும், மொத்தத்தில் பதினெட்டில் ஒரு பங்குதான். அந்தச் சின்னப் பங்குக்குள்ளேயே நல்ல மரங்களும் நல்ல மீன்களும் திறந்துவிடுகின்றன. 99 எட்டியவர்கள் 99,000 விளையாட்டுக் காசு கொடுத்து வாங்கி அணியும் மேலங்கி ஒன்று உண்டு. அதுதான் அவன் கண்ணில் ஆடுகிறது. ஆனால் அது சந்தா கட்டும் கணக்குகளுக்கு மட்டும். அவனுடையது இலவசக் கணக்கு. இதைச் சொன்னதும் முகம் சற்றுச் சுருங்கியது. 70க்கு ஒப்புக்கொண்டான்.

மீனில் தொடங்குகிறேன். பேலியகொடை மீன்சந்தைக்கு இருட்டோடு போய் வருகிற வீட்டில் பிறந்தவன் என்பதால் எனக்கு அதில் ஒரு சாய்வு உண்டு என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

20ஆம் லெவலில் ட்ரவுட், 30இல் சால்மன். இறகு கட்டிய தூண்டிலோடு காட்டுவாசிகளின் கிராமத்து ஆற்றங்கரையில் நின்றால் இரண்டும் கலந்து வரும். ட்ரவுட் ஒன்றுக்கு 50 புள்ளி, சால்மனுக்கு 70. (நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீன்தான் ட்ரவுட். நான் அதை உண்மையில் கண்டதில்லை, விளையாட்டில் ஆயிரக்கணக்கில் பிடித்திருக்கிறேன்.) 40ஆம் லெவலில் சிங்க இறால், ஒன்றுக்கு 90 புள்ளி. அதற்குப் போர்ட் சாரிம் துறைமுகத்திலிருந்து 30 காசு கொடுத்துக் கப்பலேறிக் கராம்ஜா தீவுக்குப் போக வேண்டும்.

அட்டவணையைப் பார்த்தால் ஆற்று மீன் வெல்லும். ஒரு மீனுக்குப் புள்ளி குறைவு, ஆனால் அடிக்கடி மாட்டும். பிடித்ததை அங்கேயே கீழே போட்டுவிட்டுத் தொடர்ந்தால் இன்னும் வேகம். மருமகனின் திட்டம் அதுதான். எனக்கோ பிடித்த மீனைக் கீழே போடுவது என்றாலே கை கூசுகிறது. சாய்வு என்று சொன்னேனே.

சிங்க இறால் மெதுவாக வரும். ஒருமுறை கூண்டைப் போட்டால் கணிசமான நேரம் திரையைத் தொட வேண்டியதில்லை, மீன்கூட்டம் இடம் மாறும்போது மட்டும் மறுபடி தொட்டால் போதும். 40இலிருந்து 70 வரை சிங்க இறாலிலேயே ஏற 700,403 புள்ளி, அதாவது ஏறக்குறைய 7,780 இறால். நம் பையில் 28 இடம். கூண்டுக்கு ஒன்று, கப்பல் காசுக்கு ஒன்று போனால் 26. ஒவ்வொரு சுமையையும் கப்பலில் கொண்டுவந்து இறக்கினால் சரியாக 300 நடை. போகவர 60 காசு, ஆக 18,000 காசு கப்பல் செலவு. கேட்கத் தலை சுற்றும். ஆனால் இந்த 300 நடையும் நான் கணினி முன் உட்கார்ந்து போனதல்ல. காலையில் வெள்ளவத்தையில் ரயிலேறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு தாண்டிக் கோட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு சுமையாவது நிரம்பிவிடும். ஒரு கை மேலே கம்பியைப் பிடித்திருக்கும், மற்றக் கையின் கட்டைவிரல் ஒன்றுதான் மிச்சம். ஜன்னலுக்கு வெளியே உண்மைக் கடல், கைக்குள்ளே பொய்க் கடல்.

மீனின் உண்மையான பலம் பிடிப்பதில் இல்லை, பிடித்த பிறகு வருவதில் இருக்கிறது. சிங்க இறாலைப் பிடித்தால் 90, சமைத்தால் 120. ட்ரவுட் பிடித்தால் 50, சமைத்தால் 70. சால்மன் 70, சமைத்தால் 90. இந்த மூன்றிலும் கையில் எடுப்பதைவிட அடுப்பில் வைப்பதற்குப் புள்ளி கூடுதல். சேகரிக்கும் தொழிலை ஏற்றிக்கொண்டு போனால் செய்தொழில் தானாக அதற்கு முன்னால் ஓடும். அதோடு சமையல் கண்மூடித் திறப்பதற்குள் முடியும் வேலை. ஒரு மீன் வேக 2.4 விநாடி. 28 மீனை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்தால் போதும். மாதக்கணக்கில் பிடித்த 7,780 இறாலையும், பொருள் சேர்த்து வைக்கும் வங்கிக்கு நடக்கும் நேரத்தைத் தள்ளிப் பார்த்தால், ஐந்தேகால் மணிநேரத்தில் சமைத்துவிடலாம்.

கருகும் என்பதை மறக்கக் கூடாது. கருகியதற்குப் புள்ளி கிடையாது. சமையலில் 74ஐத் தொட்டால்தான் சிங்க இறால் கருகாது. வாள்மீனுக்கு 86 வேண்டும். ஆகவே 40ஆம் லெவலில் பிடித்த இறாலை 40ஆம் லெவலிலேயே அடுப்பில் போடுவது, அரைகுறையாகத் தெரிந்த சமையலுக்கு விருந்தாளியை அழைப்பது போல. இறாலை வங்கியில் சேர்த்து வைத்துவிட்டு, ஆற்று மீனில் கைப்பழக்கம் பெற்றுக்கொள்வது நல்லது.

அடுத்தது இரும்பு. அட்டவணையில் இதற்கு நல்ல இடம். 15ஆம் லெவலில் இரும்புக்கல், ஒன்றுக்கு 35 புள்ளி. மூன்று பாறைகள் சூழ்ந்த இடத்தில் நின்று, ஒன்றை வெட்டி, அடுத்ததற்குத் திரும்பி, அடுத்ததற்குத் திரும்பி, முதலாவது மறுபடி முளைக்கும்போது அதற்குத் திரும்ப வேண்டும். பை நிறைந்ததும் கொட்டிவிட்டு மறுபடி. 15இலிருந்து 70க்கு 21,000 கல்லுக்குச் சற்றுக் கூடும். ஒவ்வொரு கல்லுக்கும் விரல் அசைய வேண்டும். கண்ணை எடுத்தால் வேகம் போய்விடும், வேகம் போய்விட்டால் இந்த முறையில் வேறெதுவும் இல்லை. ரயிலில் இதை முயன்று பார்த்திருக்கிறேன். தெஹிவளையில் ஏறிய ஒருவருடைய முழங்கை பட்டு, இரும்புக்குப் பதில் களிமண்ணை வெட்டிக்கொண்டு கொள்ளுப்பிட்டி வரை போனேன்.

பாறைக்குப் போட்டியும் உண்டு. நீங்கள் வெட்டும் பாறையை இன்னொருவர் வெட்டிவிட்டால் அது முளைக்கும் வரை இருவரும் சும்மா நிற்க வேண்டியதுதான். விளையாட்டு ஒரே நேரத்தில் பல உலகங்களாக, அதாவது தனித்தனி வழங்கிகளில், ஓடுகிறது. ஆகவே ஆளில்லாத உலகம் தேடி அலைய வேண்டும்.

இருந்தும், முழுக் காலையும் மேசைக் கணினி முன் உட்காரக்கூடிய ஒரு பிள்ளைக்கு இரும்பு வெட்டுவது கெட்ட தெரிவு என்று நான் சொல்லவில்லை. வானத்திலிருந்து விழுந்து, பாறைபோல வெட்டக் கிடைக்கும் நட்சத்திரங்கள் 2021இல் வந்தன, அவையும் இலவசக் கணக்குக்கு உண்டு. நட்சத்திரத்தின் அளவு எண்ணைப் பத்தால் பெருக்கினால் வேண்டிய லெவல் வரும், விரலை அசைக்காமல் நெடுநேரம் வெட்டலாம். காலையில் கல், களைத்துப்போனால் நட்சத்திரம் என்று மாற்றி மாற்றி ஏறலாம். என் சண்டை அவனுடைய இரண்டாவது வாக்கியத்தோடுதான்.

"நானே வெட்டி, நானே உருக்கி, நானே அடித்தால் கொல்லுவேலை இலவசமாக ஏறும் மாமா."

இங்கேதான் காகிதத்தை எடுத்தேன். உருக்குக் கட்டி ஒன்றுக்கு ஒரு இரும்புக்கல்லும் இரண்டு நிலக்கரியும் வேண்டும். இரும்புக்கல் 35 புள்ளி, நிலக்கரி தலா 50. சுரங்கத்தில் மொத்தம் 135. அதை உருக்கினால் 17.5, அடித்துப் பொருளாக்கினால் 37.5. கொல்லுவேலையில் மொத்தம் 55. மீனில் கண்டதற்கு நேர்மாறு. மீனில் செய்தொழில் முன்னால் ஓடுகிறது, இரும்பில் பின்னால் நொண்டுகிறது. கொல்லுவேலையை உருக்கிலேயே 70க்குக் கொண்டுபோக 13,400 கட்டி என்று வைத்தால், அதற்கு 26,800 நிலக்கரி. அவ்வளவையும் தானே வெட்டினால் சுரங்கம் 79ஆம் லெவலில் போய் நிற்கும், கொல்லுவேலை அப்போதுதான் 70இல் மூச்சு வாங்கும். 79 வேண்டும் என்பவனுக்கு அது லாபம். 70, 70 என்று கேட்டவனுக்கு அது மேலதிக வேலை. நிலக்கரியும் இரும்பைப்போல உடனே முளைக்கும் பாறையல்ல. சுரங்கத்தில் 60ஐத் தொட்டால் ஃபாலடோர் நகரத்துக்குக் கீழே சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் கதவு திறக்கும், அங்கே நிலக்கரி தாராளம். அதற்கு முன் நிலக்கரியைத் தேடுவது, பழைய சோனகத் தெருவில் ஒரு குறிப்பிட்ட அளவு திருகாணி தேடுவது போல. கடைக்குக் கடை ஏறி இறங்க வேண்டும்.

இரும்பில் நான் பட்ட அடி ஒன்றையும் சொல்ல வேண்டும். இணையக் கடைக் காலத்தில், மூன்று வாரம் வெட்டிச் சேர்த்த இரும்புக்கல்லை ஒரே மூச்சில் உருக்கப் போனேன். இரும்புக்கல்லை வெறுமனே உருக்கினால் பாதிக்குப் பாதி வீணாகும் என்பது எனக்குத் தெரியாது. ஏதோ என் ராசி சரியில்லை, அடுத்தது சரியாக வரும், அடுத்தது சரியாக வரும் என்று கடைசிக் கல் வரை போட்டேன். பாதி கட்டிதான் கையில் இருந்தது. பிறகுதான் ஒருவர் சொன்னார், மந்திரித்த மாணிக்க மோதிரம் ஒன்றை அணிந்தால் 140 கல் வரை ஒன்றும் வீணாகாது என்று. அன்று கடைக்காரருக்குக் கொடுத்த காசு இன்றும் நெஞ்சில் இருக்கிறது.

சந்தா கட்டுபவர்களுக்கு இரும்பின் முகமே வேறு. குள்ளர்களின் நகரமான கெல்டக்ரிமில் ஊதுலை இருக்கிறது, அங்கே நிலக்கரி பாதி போதும். ஒரு குறிப்பிட்ட கதைப்பணியை முடித்தால் கிடைக்கும் தட்டான் கையுறையை அணிந்து தங்கம் உருக்கினால், ஒரு கட்டிக்கு 22.5 கிடைக்க வேண்டிய இடத்தில் 56.2 கிடைக்கும். செட்டியார் தெருவில் நகைப்பட்டறை வைத்திருக்கும் என் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "கையுறை போட்டால் தங்கம் கூடுமா?" என்று கேட்டுவிட்டு அன்று முழுவதும் சிரித்தார். 2022இல் வந்த இராட்சதப் பட்டறையும் சந்தாக்காரர்களுக்கு ஒரு நல்ல வழி. மருமகனுக்கு இதெல்லாம் இப்போதைக்கு ஏட்டுச் சுரைக்காய்.

மரத்தைப் பற்றிச் சொல்வதற்கு அவ்வளவு இல்லை, ஆனால் இருப்பது நல்லது. 30இல் வில்லோ மரம், தறிக்கும் ஒவ்வொரு கட்டைக்கும் 67.5. டிரேனர் கிராமத்தில் வங்கிக்கு நாலடி தள்ளியே வில்லோ நிற்கிறது. 30இலிருந்து 60 வரை 3,860 கட்டை. 60இல் யூ மரம், ஒன்றுக்கு 175. அங்கிருந்து 70க்கு 2,650 கட்டை. யூ மெதுவாக வரும், ஆனால் விற்கப் போனால் எப்போதும் வாங்க ஆள் இருக்கும்.

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாமல் நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கணினி செத்துக் கிடந்தது. நான் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைக் கடைசிப் படிக்குக் குறைத்துவிட்டு, விசிறி இல்லாத மொட்டைமாடியில் வில்லோ வெட்டினேன். அவ்வப்போது ஒரு தொடுகை. எந்தத் தொழிலும் பற்றரியை அவ்வளவு மிச்சம் பிடிக்கவில்லை.

மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. 2023இல் வனத்தொழில் என்ற மாற்றம் வந்த பிறகு, ஒரே மரத்தைப் பலர் சேர்ந்து தறித்தால் எல்லோருக்கும் கட்டை கிடைக்கும் வாய்ப்புச் சற்றுக் கூடுகிறது. பாறையில் பக்கத்தில் வருபவர் போட்டியாளர், மரத்தில் பக்கத்தில் வருபவர் கூட்டாளி. தெரியாத ஊர்க்காரர்கள் நால்வர் ஒரு மரத்தைச் சுற்றி நின்று ஒன்றும் பேசாமல் வெட்டிக்கொண்டிருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

மரத்தின் குறை, இலவசக் கணக்கில் வெட்டியதைக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை என்பது. தீமூட்டலாம். வில்லோவை எரித்தால் 90 புள்ளி, யூவை எரித்தால் 202.5. தறிப்பதைவிட எரிப்பதற்கு அதிகம்தான், ஆனால் விற்கக்கூடிய மரத்தை எரித்துவிட்டுச் சாம்பலைப் பார்த்துக்கொண்டு நிற்க என் தொழில் என்னை விடவில்லை. வில் செய்வதும் வீடு கட்டுவதும் சந்தாக்காரர்களுக்கு. அங்கேயும் யூ நீள்வில்லைச் செதுக்கினால் 75, நாண் ஏற்றினால் இன்னொரு 75. தறித்தபோது கிடைத்த 175ஐ எட்டாது. வீடு கட்டுவதாக இருந்தால் ஓக் கட்டை ஒன்றைப் பலகையாக அறுக்க அரிவாலையில் 250 காசு, தேக்குக்கு 500, மகோகனிக்கு 1,500. மொரட்டுவையில் தளபாடம் வாங்கியவர்களுக்கு இந்த ஏற்றம் புதிதல்ல. கட்டுமானம் ஏறுவது விரலால் அல்ல, பணப்பையால்.

தோல் தைப்பது, மாணிக்கம் பட்டை தீட்டுவது, மந்திரக்கல் செய்வது எல்லாம் உண்டு. முதல் இரண்டுக்கும் பொருளை வாங்கித்தான் ஏற வேண்டும், மூன்றாவது பொறுமையின் எல்லையைச் சோதிக்கும். 70 என்ற குறியோடு புறப்படும் ஒருவன் இவற்றில் முதலில் கால் வைக்கத் தேவையில்லை.

ஒன்றையும் சேகரிக்காமல் எல்லாவற்றையும் வாங்கிவிட்டால் என்ன என்ற கேள்வி மிச்சம். வேராக் நகரத்தின் பெருஞ்சந்தையில் பச்சை இறாலும் கிடைக்கும், உருக்குக் கட்டியும் கிடைக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு மணிநேரத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்ற உச்சவரம்பு உண்டு, அது போக எல்லாம் தாராளம். மருமகனுடைய "இலவசமாக" என்ற சொல் விழுந்து உடைவது இந்தச் சந்தையின் முன்தான். நீயே பிடித்த இறால் உனக்கு இலவசமல்ல. அதை நீ சமைக்காமல் விற்றிருந்தால் காசு கிடைத்திருக்கும். சமைக்கும்போது அந்தக் காசை அடுப்பில் போடுகிறாய். பல நேரங்களில் பச்சை மீனின் விலை சமைத்த மீனின் விலையைவிடக் கூடுதல். சமையலை ஏற்ற நினைப்பவர்கள் எல்லோரும் பச்சை மீனைத் தேடுவதால் வரும் விசித்திரம் அது. ஆக, பிடிப்பதையும் சமைப்பதையும் தனித்தனித் தொழிலாகவே கணக்கெழுத வேண்டும். பிடித்து விற்பவன் ஒருவன், வாங்கிச் சமைப்பவன் இன்னொருவன், இருவரும் ஒரே ஆளாக இருப்பது தற்செயல்.

இதை இப்படிப் பிரித்து எழுதியதும் படம் தெளிவாகிறது. சமையலுக்கு வாங்குவது நியாயம். வேலை வேகம், மீனைத் திரும்ப விற்கலாம், நட்டம் சிறியது. கொல்லுவேலைக்கு வாங்குவது வலிக்கும். உருக்கு மார்புக்கவசம் ஒன்றுக்கு ஐந்து கட்டி போகும், 187.5 புள்ளி தரும், ஆனால் அதை அணிய யாரும் வரிசையில் நிற்பதில்லை. ஐந்து கட்டியின் விலையைக் கவசம் பெரும்பாலும் திருப்பித் தராது. அந்த வித்தியாசம்தான் கொல்லுவேலையின் உண்மை விலை. சுரங்கத்தில் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அதைக் கட்டியே ஆக வேண்டும். யாரோடும் வாங்கல் விற்றல் கூடாது என்று தானே கையைக் கட்டிக்கொள்ளும் இரும்பு மனிதர் முறை ஒன்று 2014இலிருந்து இருக்கிறது. அவர்களுக்கு மட்டும் இந்த வாதம் பொருந்தாது. அவர்களுக்கு 135க்கு 55 என்பது தலையெழுத்து.

சந்தா கட்டுவதா என்றும் கேட்டான். வெளிநாட்டுப் பணத்தில் விலை போட்ட எதையும் வாங்குமுன் கொழும்பில் இப்போது எல்லோரும் இரண்டு தடவை யோசிக்கிறார்கள். 2022இல் ரூபாய் சரிந்தபோது நான் நிறுத்திய முதல் செலவு இதுதான். இப்போது விளையாட்டுக் காசு கொடுத்துச் சந்தையில் பத்திரம் வாங்குகிறேன். ஒரு பத்திரத்துக்கு 14 நாள் சந்தா. யாரோ ஒருவர் உண்மைக் காசு கொடுத்து வாங்கியதை நான் இறால் விற்ற காசில் வாங்குகிறேன். அந்த 14 நாளில் நான் செய்வது பெரும்பாலும் விவசாயம். மூலிகை விதை போட்டால் 80 நிமிடத்தில் விளையும், நான் உள்ளே இல்லாவிட்டாலும் விளையும். காலையில் நட்டுவிட்டு வேலைக்குப் போய், மாலையில் வந்து அறுக்கலாம். மணிக்கணக்கு அட்டவணை இந்தத் தொழிலிடம் தோற்றுப்போகிறது, ஏனென்றால் நான் செலவிட்டது ஐந்து நிமிடம்தான். வேலைக்குப் போகும் ஆளுக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை என்பது என் கட்சி. ஆனால் நாள் முழுக்க வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு 80 நிமிடம் காத்திருப்பது தண்டனை.

தூரத்தைப் பற்றியும் பயந்தான். எங்கள் இணைப்பு எங்கோ உள்ள வழங்கிக்குப் போய்வருவதற்குள் மற்றவன் முந்திவிடுவானே என்று. இந்த விளையாட்டின் இதயம் 0.6 விநாடிக்கு ஒருமுறைதான் துடிக்கும். எல்லோருடைய செயலும் அந்தத் துடிப்பில்தான் பதியும். மீனுக்கும் மரத்துக்கும் கொழும்பிலிருந்து போகும் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. இரும்புக்கு மட்டும் சிறிது உறைக்கும்.

ஆக, அவனுக்கு நான் எழுதிக்கொடுத்தது இது. காலையில் கணினி முன் இரும்புக்கல், கொட்டிக்கொண்டே 60 வரை. அதற்குப் பிறகு சங்கத்துக்குள் போய் நிலக்கரி வெட்டி, உருக்காமல் விற்பது. மாலையில் அக்கா டியூஷன் பிள்ளைகளுக்காகக் கணினியைப் பிடுங்கிய பிறகு, கைத்தொலைபேசியில் ஆற்று மீன். அதைக் கீழே போடாமல் சமைப்பது. நிலக்கரி விற்ற காசில் பச்சை இறால் வாங்கிச் சமையலை 74க்கு மேலே தள்ளுவது. கொல்லுவேலையைத் தொடவே வேண்டாம், சந்தா வரும் வரை. நானாக இருந்தால் இரும்பையும் விட்டுவிட்டு மரத்துக்குப் போயிருப்பேன். ஆனால் எனக்குப் பத்தொன்பது வயது இல்லை.

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கேட்பான் என்று நினைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை ரயிலில் நான் வழக்கம்போலக் கூண்டைப் போட்டுக்கொண்டு நின்றபோது திரையில் அவனுடைய செய்தி வந்தது.

"மாமா, உங்கள் வங்கியில் எத்தனை பச்சை இறால் இருக்கிறது?"

நாலாயிரம் இருக்கும் என்றேன்.

"ஐந்நூறு தருவீர்களா?"

சந்தை விலைக்குத் தருகிறேன் என்றேன்.

நீண்ட நேரம் பதிலில்லை. பம்பலப்பிட்டியில் கூட்டம் இறங்கி, எனக்கு உட்கார இடமும் கிடைத்துவிட்டது.

"அம்மாவிடம் சொல்வேன்" என்று வந்தது.

முந்நூறை விலையில்லாமலும் இருநூறைச் சந்தை விலைக்கும் கொடுத்தேன்.